திரையில் விழும் ஒளிக்குச் சாட்சி யார்?

இருட்டில் அமர்ந்திருக்கும் மனிதர் எளிதில் நம்பிவிடுகிறார். விளக்குகள் அணைக்கப்பட்டு, எதிரே வெண்திரையில் ஒரு காட்சி விரியும்போது, அது எங்கிருந்து வருகிறது, யாரால் காட்டப்படுகிறது என்று நாம் கேட்பதில்லை. ஒளி கண்ணில் படுகிறது. கண் கண்டதை மனம் ஏற்றுக்கொள்கிறது. குகைக்குள் கட்டுண்டு, சுவரில் ஆடும் நிழல்களையே உண்மையென எண்ணி வாழ்ந்தோரைப் பற்றிக் கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அந்தக் குகைச் சுவர் இன்று திருமண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் பங்கு மன்றத்திலும் வெண்திரையாகத் தொங்குகிறது.

ஆகவே திரையில் படம் காட்டுவதை வெறும் தொழில்நுட்பச் செயலாக நாம் கருதவில்லை. காட்டுபவருக்கும் காண்பவருக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்பாடு உண்டு. ‘இது நடந்தது, இவர் இருந்தார், இந்த இடம் இவ்வாறு இருந்தது’ என்று காட்டுபவர் சொல்லாமல் சொல்கிறார். காண்பவர் அதை நம்பி மனம் இரங்குகிறார், மகிழ்கிறார், சில வேளைகளில் கண்ணீரும் சிந்துகிறார்.

இந்த உடன்பாட்டைத் தாங்கிநின்ற பொருள் ஒரு தலைமுறைக் காலத்தில் மாறிவிட்டது. முன்பு பிலிம் ஸ்லைடு வழியாக ஒளி பாய்ந்தது. இன்று எண்களாகச் சேமிக்கப்பட்ட படத்தை டிஜிட்டல் புரொஜெக்டர் திரையில் வரைகிறது. இவற்றுள் எது அழகு, எது தெளிவு என்று ஒப்பிட்டுப் பேசியோர் பலர். நாம் கேட்க விழைவது வேறொரு வினா. இந்த மாற்றத்தால் உண்மையோடு நமக்குள்ள உறவும் மாறியிருக்கிறதா? மாறியிருப்பின், அதனால் நம்மீது விழும் கடமை யாது?

ஒளி பட்ட பிலிம்

ஸ்லைடு என்றதும் மூத்த வாசகர்களுக்குத் திரையரங்கு நினைவுக்கு வரும். படம் தொடங்குமுன் உள்ளூர் ஜவுளிக்கடையின் விளம்பரமும் நகைக்கடையின் விளம்பரமும் கண்ணாடித் துண்டுகளில் எழுதப்பட்டுத் திரையில் வந்து நிற்கும். அவை எழுதப்பட்ட ஸ்லைடுகள். நாம் இங்கே பேசுவது கேமராவில் எடுக்கப்பட்ட வண்ண ஸ்லைடுகளைப் பற்றி. ‘படவில்லை’ என்றும் தமிழில் இவற்றைக் குறித்தனர். 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சிறு பிலிம் துண்டு, ஐந்து சென்டிமீட்டர் சதுர அட்டைச் சட்டத்திற்குள் பொருத்தப்பட்டிருக்கும். மறைக்கல்வி வகுப்பிலும் நலவாழ்வுக் கூட்டங்களிலும் பயணம் போய் வந்தோர் வீட்டிலும் இவை காட்டப்பட்டதுண்டு.

இந்தத் துண்டின் சிறப்பு யாதெனில், அது பிரதியன்று என்பதே. சாதாரணப் படச்சுருளில் முதலில் நெகட்டிவ் கிடைக்கும். அதிலிருந்து தாளில் படம் அச்சிடப்படும். ஸ்லைடு பிலிமிலோ, கேமராவுக்குள் இருந்த அதே பிலிமே இறுதிப் படமாகிறது. மலையடிவாரத்தில் ஒருவர் கேமராவைத் திறந்து மூடிய அந்த நொடியில், மலைமீது பட்டுத் திரும்பிய ஒளி எந்தப் பிலிமைத் தொட்டதோ, அதே பிலிம்தான் பல்லாண்டுகளுக்குப் பின் புரொஜெக்டருக்குள் நிற்கிறது.

இதன் வேதியியலிலும் சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. பிலிமில் பூசப்பட்ட வெள்ளி உப்புகளில் ஒளி பட்டவை முதல் கரைசலில் கரிய வெள்ளியாகின்றன. ஒளி படாமல் எஞ்சியவை அடுத்த கட்டத்தில் மாற்றமடையும்போதுதான் அவற்றைச் சுற்றி வண்ணச் சாயம் உருவாகிறது. இறுதியில் வெள்ளி முழுவதும் கரைத்து நீக்கப்படுகிறது; சாயம் மட்டுமே தங்குகிறது. அதாவது, ஒளி நிறையப் பட்ட இடம் தெளிந்த கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. ஒளி படாத இடத்தில் சாயம் திரண்டு நிழலாகிறது. அன்றைய ஒளி திறந்துவைத்த வழியாகவே இன்றைய விளக்கின் ஒளி நுழைந்து திரையை அடைகிறது எனலாம்.

கோடக் நிறுவனத்தின் கோடாக்ரோம் இவ்வகைப் பிலிம்களில் புகழ்பெற்றது. அதைக் கண்டுபிடித்த லியோபோல்டு மேன்ஸ், லியோபோல்டு கோடோவ்ஸ்கி ஆகிய இருவரும் இசைக் கலைஞர்கள். 1935இல் திரைப்படச் சுருளாகவும் 1936இல் ஸ்லைடு பிலிமாகவும் அது வெளிவந்தது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு உலகை வண்ணத்தில் பதிவு செய்தபின், 2009இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதைக் கழுவித் தந்த கடைசிக் கூடம், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30 வரை மட்டுமே அது சுருள்களை ஏற்றுக்கொண்டது. கோடக் தன் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை அதற்கு முன்பே, 2004இல், நிறுத்திவிட்டது. வேறு ஸ்லைடு பிலிம்கள் இன்றும் கிடைக்கின்றன. எக்டாக்ரோம் 2018இல் மீண்டும் வந்தது. ஆயினும் பொதுமக்கள் வாழ்விலிருந்து ஸ்லைடு விடைபெற்றுவிட்டது என்பதில் ஐயமில்லை.

எண்களாக மாறும் ஒளி

வியப்பு என்னவெனில், ஸ்லைடின் முடிவு ஸ்லைடு பிறந்த வீட்டிலேயே தொடங்கியது. 1975இல் கோடக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் தேவைப்பட்டன. அந்தப் படத்தைக் காணத் தொலைக்காட்சித் திரை வேண்டியிருந்தது.

டிஜிட்டல் கேமராவில் பிலிம் இருக்கும் இடத்தில் ஓர் உணர்சில்லு இருக்கிறது. அதன் நுண்கட்டங்களில் விழும் ஒளி மின்னேற்றமாகிறது; மின்னேற்றம் அளக்கப்பட்டு எண்ணாகிறது. ஒவ்வொரு கட்டத்தின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வண்ணத்தின் வடிகட்டி மட்டுமே இருக்கும். 1976இல் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயர் என்பாரின் அமைப்பு இது. அவரும் கோடக்கில் பணியாற்றியவரே. பாதிக் கட்டங்கள் பச்சையையும், கால்வாசி சிவப்பையும், கால்வாசி நீலத்தையும் அளக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட மற்ற இரு வண்ணங்கள், அண்டைக் கட்டங்களைப் பார்த்துக் கணக்கிடப்படுகின்றன. ஆக, நாம் காணும் டிஜிட்டல் படத்தின் வண்ணத் தகவலில் மூன்றில் இரு பங்கு அளக்கப்பட்டதன்று, கணிக்கப்பட்டது.

திரையில் காட்டும்போதும் அவ்வாறே. 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய சில்லில் எண்ணற்ற நுண்கண்ணாடிகள் உள்ளன. எண்களின் கட்டளைப்படி அவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிர்ந்து ஒளியைத் திரைக்கு அனுப்புகின்றன, அல்லது விலக்குகின்றன. பரவலாக வழங்கும் முழு எச்.டி. புரொஜெக்டர் 1,920 நெடுவரிசைகளிலும் 1,080 கிடைவரிசைகளிலும் 20,73,600 புள்ளிகளை அமைக்கிறது. படம் எங்கிருந்தும் ‘பாய்ந்து’ வரவில்லை; ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது.

தரத்தைப் பொறுத்தவரை இரு பக்கமும் நிறை குறை உண்டு. நல்ல ஸ்லைடின் நிழல்களில் உள்ள ஆழ்ந்த கருமை, டிஜிட்டல் கருவியிலிருந்து சற்றே கசியும் ஒளியால் பல வேளைகளில் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. மறுபுறம், விளக்கின் வெப்பத்தில் ஸ்லைடு பிலிம் வளைந்து காட்சி மங்கும். தூசி மலைபோல் தெரியும். ஈரக்காற்றில் பூஞ்சை படரும். தவறாகச் செருகினால் கோபுரம் கீழ்நோக்கி நிற்கும். டிஜிட்டல் படத்திற்கு இத்தொல்லைகள் இல்லை. இவையனைத்தும் கருவிகளின் குணங்கள். நம் வினாவிற்கு விடை இவற்றில் இல்லை.

எளிதான முடிவும் அதன் தடையும்

புகை கண்டவிடத்து நெருப்புண்டு என்று அறிவதை நம் நாட்டுத் தருக்க நூலார் அனுமானம் என்றனர். அமெரிக்க மெய்யியலார் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914) குறிகளை வகைப்படுத்தியபோது இதனையொத்த ஒரு வேறுபாட்டைக் காட்டினார். சில குறிகள் ஒப்புமையால் பொருள் தருகின்றன, ஓவியம் அத்தகையது. சில குறிகள் தொடர்பால் பொருள் தருகின்றன. மணலில் பதிந்த காலடி அத்தகையது. காலடி ஒருவரைப் போல இருக்க வேண்டியதில்லை. அவர் அங்கே நடந்தார் என்று சொன்னால் போதும். புகைப்படத்தில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

இதைக் கொண்டு ஓர் எளிய முடிவுக்கு வரலாம். ஸ்லைடு அங்கே இருந்தது. ஆதலால் அது சாட்சி. டிஜிட்டல் படம் அங்கே இருந்ததன் கணக்கு மட்டுமே. ஆதலால் அது செவிவழிச் செய்தி. முன்னது மெய், பின்னது ஐயத்திற்குரியது. பழைய பொருள்கள்மீது பற்றுள்ளோர் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இனிமையான இந்த முடிவு, வரலாற்றின் முன் நிற்கவில்லை.

பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டு 1885 முதல் 1908 வரை ஆப்பிரிக்காவின் காங்கோவைத் தம் சொந்த உடைமையாக ஆண்டார். இரப்பர் சேகரிக்க மக்கள் கொடுமைப்படுத்தப்பட்டனர், கைகள் வெட்டப்பட்டன, ஊர்கள் அழிந்தன. அங்கே மறைப்பணியாற்றச் சென்ற ஆங்கிலப் பெண்மணி ஆலிஸ் சீலி ஹாரிஸ் ஒரு கேமரா வைத்திருந்தார். 1904இல் பாரிங்கா என்னும் இடத்தில் ன்சாலா என்ற தந்தை அவரிடம் வந்தார். இரப்பர் நிறுவனத்தின் காவலர்களால் கொல்லப்பட்ட தம் சிறுமகளின் எஞ்சிய கையையும் காலையும் ஓர் இலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். அவற்றின்முன் அமர்ந்திருக்கும் அத்தந்தையை ஆலிஸ் படமெடுத்தார்.

அந்தப் படமும் அதையொத்த படங்களும் கண்ணாடி ஸ்லைடுகளாக்கப்பட்டு, ‘மாய விளக்கு’ எனப்பட்ட அக்காலப் புரொஜெக்டரில் காட்டப்பட்டன. ஆலிசும் அவர் கணவர் ஜானும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான கூட்டங்களில் திரையின் அருகே நின்று பேசினர். இருட்டில் அமர்ந்திருந்தோர் கண்டனர், கலங்கினர், எழுந்தனர். எழுத்தாளர் மார்க் ட்வைன் 1905இல் எழுதிய நையாண்டி நூலில், தம்மால் விலைக்கு வாங்க முடியாத ஒரே சாட்சி கேமராதான் என்று மன்னர் புலம்புவதாகச் சித்திரித்தார். பெருகிய எதிர்ப்பின் விளைவாக 1908இல் காங்கோ மன்னரின் கையைவிட்டுப் போயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மக்களின் மனச்சான்றைத் தட்டியெழுப்பிய அந்தக் கண்ணாடி ஸ்லைடுகள் மூலப் படங்கள் அல்ல. நெகட்டிவிலிருந்து எடுக்கப்பட்ட பிரதிகள் அவை. ன்சாலாவின் முன் இருந்த பொருள் அந்தக் கூடங்களுக்கு வரவில்லை. ஆயினும் அவை சாட்சியாயின. எப்படி? அங்கே இருந்த ஒருவர் இங்கே வந்து நின்றார். ‘நான் கண்டேன்’ என்றார். கேட்போர் வினா எழுப்பினால் பதில் சொல்ல அவர் இருந்தார். எதிரிகள் மறுத்தால் எடுத்துக்காட்டத் தேதியும் ஊரும் பேரும் இருந்தன. பிரதியைத் தாங்கிப் பிடித்தது ஒரு மனிதரின் பொறுப்பு.

இடம் மாறிய பிரமிடுகள்

மற்றொரு நிகழ்ச்சி இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. புகழ்பெற்ற ‘நேஷனல் ஜியாகரபிக்’ இதழ் 1982 பிப்ரவரி அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகளின் படத்தை வெளியிட்டது. அகலவாக்கில் எடுக்கப்பட்ட படம், நீளவாக்கிலான அட்டையில் அடங்கவில்லை. ஆதலால் கணினியைக் கொண்டு இரண்டு பிரமிடுகளும் நெருக்கமாக நகர்த்தப்பட்டன. மாற்றம் வெளிப்பட்டபோது கடும் விவாதம் எழுந்தது. புகைப்படக்காரர் சற்றுத் தள்ளி நின்றிருந்தால் கிடைத்திருக்கும் காட்சிதானே என்று அன்று சமாதானம் சொல்லப்பட்டது. பின்னாளில் அவ்விதழே அதைத் தவறென ஏற்றுக்கொண்டது.

நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அசையாத கற்குன்றுகள் அட்டையில் அசைந்தன. ஆனால் கேமராவில் இருந்த பிலிமில் அவை அசையவில்லை. மாற்றியவர்களின் கைக்கு எட்டாமல் ஒரு மூலம் பெட்டிக்குள் இருந்தது. பிலிமின் ஒழுக்கம் இதுதான். அது பேசுவதில்லை, ஆனால் தன்மீது பட்ட ஒளியைத் தானாக மறுப்பதில்லை. அதைக் கொண்டு பொய் சொல்ல முடியாதென்பதன்று. எதைச் சட்டத்திற்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்பதிலேயே பொய் நுழையலாம். முன்கூட்டியே நடிக்கவைத்துப் படமெடுத்தவர்கள் பிலிம் காலத்திலும் இருந்தனர். ஆனால் எடுத்தபின் மாற்றினால் மூலமே காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் எண்களால் ஆன படம் சாட்சியாக இயலாதா? இயலும். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை அமெரிக்கப் படையினர் இழிவுபடுத்திய கொடுமை 2004 ஏப்ரலில் உலகிற்குத் தெரியவந்தது. அதை அம்பலப்படுத்தியவை, அப்படையினரே எடுத்த டிஜிட்டல் படங்கள். பல கேமராக்களில் எடுக்கப்பட்டவற்றை, படத்தோடு தாமாகவே பதிந்திருந்த நேரக் குறிப்புகளைக் கொண்டு விசாரணையாளர்கள் வரிசைப்படுத்தினர். ஒத்துப்போகாத கடிகாரங்களைக் கணக்கிட்டுச் சரிசெய்தனர். எந்த இரவில் எது முன், எது பின் என்று தெளிந்தது. பிலிமில் எழுதப்படாத சாட்சியத்தை எண்கள் தந்தன.

எனவே உண்மை பிலிமில் குடியிருக்கிறது, பொய் எண்ணில் குடியிருக்கிறது என்று பிரிக்க இயலாது. பொய்யைப் பற்றி ஏறத்தாழ 395ஆம் ஆண்டில் தனி நூல் எழுதிய புனித அகுஸ்தினார், பொய்யின் இருப்பிடத்தைச் சொல்லில் தேடவில்லை; சொல்பவரின் உள்ளத்தில் தேடினார். ஒன்றை உண்மையென நம்பித் தவறாகச் சொல்பவர் பிழைபடுகிறாரே ஒழியப் பொய்யராவதில்லை. ஒன்றை மனத்தில் வைத்து, ஏமாற்றும் நோக்கோடு வேறொன்றைக் காட்டுபவரே பொய்யர். மனிதனின் நெஞ்சையே அவனுக்குச் சாட்சியாக்கிய வள்ளுவரும் இதற்கு இசைவானவரே. பிலிமுக்கும் நெஞ்சில்லை, நுண்கண்ணாடிக்கும் நெஞ்சில்லை. காட்டுபவருக்கு உண்டு.

விலை கொடுத்துக் காட்டியவை

இவ்வாறு சொல்வதால் இரண்டும் ஒன்றே என்று ஆகிவிடாது. ஸ்லைடு சில நற்பண்புகளை நம்மீது கட்டாயமாகச் சுமத்தியது. அவற்றை இழந்திருக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

முதலாவது, அளவு. ஒரு சுருளில் 36 படங்கள். அவற்றிற்குக் காசு கொடுக்க வேண்டும். கழுவவும் காசு வேண்டும். ஸ்லைடு பிலிம் ஒளியளவில் சிறு பிழையையும் பொறுக்காது. சற்றுக் கூடினால் வெளுத்துவிடும், குறைந்தால் இருண்டுவிடும். பின்னர் திருத்த வழியில்லை. ஆதலால் எடுப்பவர் முதலில் நின்றார், பார்த்தார், தீர்மானித்தார், பிறகே விரல் அசைந்தது. சுழல்தட்டு ஒன்றில் பெரும்பாலும் 80 ஸ்லைடுகள் அடுக்கலாம். எவற்றை வைப்பது, எவற்றை விடுவது என்று ஒருவர் அமர்ந்து தேர்ந்தார். இன்று ஒரு நாளில் ஆயிரம் படங்கள் எடுத்து, அவற்றில் முந்நூறைத் திரையில் ஓடவிடுகிறோம். காண்போர் கொட்டாவி விடுவது காட்டுபவருக்குத் தெரிவதில்லை. அவரும் இருட்டில் இருக்கிறார். மிகுதியும் ஒருவகை மறைப்பே. வைக்கோற்போரில் ஊசியை ஒளிக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

இரண்டாவது, இழப்பு. கோடாக்ரோம் ஸ்லைடுகள் இருட்டில் வைக்கப்பட்டால் பல்லாண்டுகள் நிறம் மாறாதவை. ஆனால் புரொஜெக்டர் ஒளியில் அவை விரைவாக மங்கின. வண்ணப் படங்களின் நிலைப்பைப் பற்றி ஹென்றி வில்ஹெல்ம் 1993இல் வெளியிட்ட விரிவான ஆய்வு நூல் இதை விளக்குகிறது. அரிய ஸ்லைடுகளை நேரடியாகக் காட்டாமல் பிரதி எடுத்துக் காட்டுமாறு அறிந்தோர் வற்புறுத்தினர். அதாவது, ஒரு ஸ்லைடு பிறருக்குக் காட்டப்பட்ட ஒவ்வொரு நொடியும் தன் ஆயுளில் சிறிதைச் செலவிட்டது. பெட்டிக்குள் பூட்டினால் நெடுநாள் வாழும். வெளிச்சத்திற்கு வந்தால் தேயும். ஆகவே காட்டுவது என்பது ஓர் ஈகை. ‘இவர்களுக்கு இதைக் காட்டலாம், இந்தத் தேய்வு தகும்’ என்று ஒருவர் முடிவெடுத்த பின்பே அது திரைக்கு வந்தது. டிஜிட்டல் படம் பத்தாயிரம் முறை காட்டினாலும் தேயாது. இது பெரும் நன்மை. ஆனால் தேயாததை நாம் எண்ணிப் பார்க்காமலும் காட்டிவிடுகிறோம். நோயாளியின் முகம், விபத்தில் கிடக்கும் உடல், உதவி பெறக் கைநீட்டும் ஏழையின் கூச்சம் ஆகியவற்றைத் திரையில் போடும்போது படத்திற்கு எந்த இழப்பும் இல்லை. படத்தில் இருப்பவருக்கு இழப்பு உண்டு. அந்தக் கணக்கை எந்தக் கருவியும் வைப்பதில்லை.

மூன்றாவது, தோற்றம். ஸ்லைடைச் சன்னலோரம் உயர்த்திப் பிடித்தால் போதும். எந்தக் கருவியும் இன்றி அதில் உள்ளவரைக் காணலாம். அட்டைச் சட்டத்தில் ஊரும் ஆண்டும் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். பாட்டியின் கையெழுத்தே அங்கு சான்றொப்பம். டிஜிட்டல் கோப்பு அதைப் படிக்கும் கருவி உள்ளவரை மட்டுமே பேசும். ஒரு வட்டு பழுதானால் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுகள் ஓசையின்றி மறைந்துபோகும்.

இக்குறைகளைச் சொல்லும்போது நன்மையையும் மறைக்கலாகாது. பிலிம் காலத்தில் கேமரா வசதியுள்ளோர் கையில் இருந்தது. ஏழைகள் படமெடுக்கப்பட்டனர், எடுத்தவர்கள் வேறு யாரோ. ன்சாலாவின் துயரத்தை உலகிற்குச் சொல்ல ஓர் ஆங்கிலப் பெண்மணி வேண்டியிருந்தது. இன்று துயருறுவோரே தம் துயரைப் பதிவு செய்ய முடிகிறது. வளைகுடாவில் உழைக்கும் தந்தை, அன்று காலை நடந்த தம் மகளின் புதுநன்மை விழாவை மாலையில் காண்கிறார். இதை எளிய நன்மை என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

பொருள் காத்ததை மனம் காக்க வேண்டும்

இனி நம் வினாவிற்கு வருவோம். உண்மையோடு நமக்குள்ள உறவு மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. ஸ்லைடு காலத்தில் உண்மையின் காவலில் ஒரு பகுதியைப் பொருளே ஏற்றிருந்தது. பிலிம் மாறாது, ஆகவே நாம் நேர்மையாளராக இருந்தோம். சுருள் சிறியது, ஆகவே நாம் அளவறிந்தவராக இருந்தோம். சாயம் தேயும்; ஆகவே நாம் எண்ணிக் காட்டினோம். இவற்றை நம் நற்பண்புகள் என்று நாம் எண்ணிக்கொண்டோம். உண்மையில் இவற்றுள் பல, வேலியின் பண்புகள். வேலி இருந்தவரை ஆடு பயிரை மேயவில்லை என்பதால் ஆட்டிற்கு அறம் தெரியும் என்று சொல்லிவிட முடியுமா?

இப்போது வேலி எடுக்கப்பட்டுவிட்டது. வானத்தை நீலமாக்கலாம், கூட்டத்தைப் பெருக்கலாம், வேண்டாதவரை நீக்கலாம். இன்னும் ஒரு படி கடந்து, எந்தக் கேமராவின் முன்னும் நிற்காத முகத்தை, எந்த ஊரிலும் நடக்காத நிகழ்ச்சியைச் செயற்கை நுண்ணறிவு வழியாக உருவாக்கி, மெய்ப்படத்தின் பக்கத்திலேயே திரையில் நிறுத்தலாம். இருட்டில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே ஒளிதான். காலடித் தடம் போலத் தோன்றுகிறது, நடந்தவர் யாருமில்லை. இந்நிலை பிலிம் காலத்தில் இத்துணை எளிதாக இருந்ததில்லை.

வேலி போனதற்காக அழுவதில் பயனில்லை. அறநெறியின் பழைய பாடம் ஒன்று உண்டு: இயலாமையால் தீமை செய்யாதிருப்பது நற்பண்பு அன்று, இயன்றும் செய்யாதிருப்பதே நற்பண்பு. அந்த வகையில் பார்த்தால், திரையில் படம் காட்டுபவரின் நேர்மை இப்போதுதான் முதன்முறையாகச் சோதிக்கப்படுகிறது. பிலிம் நமக்காகச் செய்த காவலை இனி நம் மனச்சான்று செய்தாக வேண்டும்.

அது எவ்வாறு நடைமுறையாகும்? வீட்டிலும் பள்ளியிலும் பங்கிலும் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றியபின், இனி எதற்கு என்று குப்பையில் எறிவோர் பலர். எறியாதீர்கள். ஈரமில்லாத, குளிர்ந்த, இருண்ட இடத்தில் வையுங்கள். பிரதி எத்துணை தெளிவாயினும், என்றேனும் ஐயம் எழும்போது திரும்பிச் செல்ல ஒரு மூலம் வேண்டும். டிஜிட்டல் படமாயின், கேமரா தந்த முதற்கோப்பை மாற்றாமல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருங்கள்; திருத்தங்களைப் பிரதியில் செய்யுங்கள். யார், எங்கே, எப்போது, யார் எடுத்தது என்பதை எழுதி வையுங்கள். பெயரில்லாப் படம் மூன்றாம் தலைமுறையில் அனாதையாகிவிடும்.

காட்டும்போது குறைவாகக் காட்டுங்கள். மாற்றியிருந்தால் மாற்றியது என்றும், வரைந்ததாயின் வரைந்தது என்றும், கணினி புனைந்ததாயின் புனைந்தது என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதனால் படத்தின் அழகு குறையாது. காண்போரின் மதிப்பு உயரும். படத்தில் இருப்பவர் இந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தால் இதைக் காட்டுவேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தை ஓடவிட்டுவிட்டு வெளியே போய்விடாதீர்கள். திரையின் பக்கத்தில் நில்லுங்கள். ஆலிஸ் ஹாரிஸ் நின்றது போல, கேட்போருக்குப் பதில் சொல்லும் தொலைவில் நில்லுங்கள்.

காண்போருக்கும் கடமை உண்டு. திரையில் கண்டதால் மட்டும் நம்பிவிடாமல், யார் காட்டுகிறார், எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பது அவநம்பிக்கையாகாது. அது உண்மைக்குச் செய்யும் மரியாதை. அதே வேளையில், எல்லாமே புனைவு என்று கைகழுவிவிடுவதும் அநீதியே. மெய்யாகவே துன்புற்ற ஒருவரின் படத்தையும் ‘கணினி வேலை’ என்று ஒதுக்கிவிட்டால், அவர் இரண்டாம் முறை துன்புறுகிறார். காங்கோவின் மன்னருக்கு இன்று ஒரு வழக்கறிஞர் இருந்திருந்தால், ன்சாலாவின் படத்தைப் பார்த்து அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஸ்லைடின் வழியே வந்த ஒளியும் நுண்கண்ணாடி அனுப்பும் ஒளியும் திரையைத் தொட்டதும் ஒன்றாகிவிடுகின்றன. திரைக்கு வேறுபாடு தெரியாது. அந்த ஒளிக்குப் பின்னால், ‘இது மெய், நான் பொறுப்பு’ என்று சொல்ல ஒருவர் நிற்கிறாரா என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி. அங்கே ஒருவர் நிற்பாராயின், எண்களும் சாட்சி சொல்லும். எவரும் நிற்காவிடில், பிலிமும் ஊமையே.